தூங்குமூஞ்சி நிழல்

கல்லேரிமேடு கூட்டுரோட்டில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை, ரோட்டை அகலப்படுத்தப்போகிறோம் என்று ஏலம் விட்டார்கள். மர வியாபாரி தணிகாசலம் அதை ஏலத்தில் எடுத்து, மெஷின் ரம்பம் வைத்து அடியோடு அறுத்து, கிளை கழித்து, துண்டு போட்டு, லாரியில் ஏற்றி, தார்ப்பாய் கட்டி அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, நிழல் மட்டும் லாரி ஏறாமல் அங்கேயே கிடந்தது.

மரம் இல்லாமல் நிழல் எப்படி என்று ஊரில் ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. கத்திரி வெயில் அதற்கெல்லாம் நேரம் விட்டால்தானே? முதலில் கண்டுகொண்டவை ஆடுகள். ஆடு வந்து படுத்ததும், ஆடு படுத்தால் இடம் குளிர்ச்சிதான் என்று ஆட்டோக்கள் வந்து நின்றன. ஆட்டோ நின்றதும் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜனம் நகர்ந்து வந்தது. ஜனம் வந்ததும் முனிரத்தினம் தன் டீக்கடை பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். பெஞ்சு வந்ததும் நீர்மோர்ப் பந்தல் போட இரண்டு கட்சிக்காரர்களும் ஓடி வந்து, பந்தலே வேண்டாம் பானையே போதும் என்று தெரிந்துகொண்டு, பானையை யார் எந்தப் பக்கம் வைப்பது என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் களைத்துப்போய் ஆளுக்கு ஆள் எதிர்க்கட்சி மோரை வாங்கிக் குடித்தார்கள்.

நிழலும் யோக்கியமான நிழல். மரம் இருந்தபோது எப்படிப் போகுமோ அப்படியே போனது. காலையில் மேற்கே கூட்டுறவு சொசைட்டி வாசலில் நீளமாகக் கிடக்கும், உச்சியில் நடுரோட்டில் சுருண்டு வரும், சாயங்காலம் கிழக்கே மாவுமில் வாசலுக்கு நகரும்; காற்றடித்தால் அசையும், இலைக்கு இலை இடைவெளியில் வெயில் காசு காசாய் விழும், பொழுது சாய்ந்தால் தூங்குமூஞ்சி இலை மூடிக்கொள்வது போல மெல்லிசாகிவிடும். காக்கா எச்சம்கூட எங்கிருந்தோ விழத்தான் செய்தது. ஊரே பெஞ்சும் பானையும் குழந்தையுமாக அதன் பின்னாலேயே மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. சொசைட்டியில் பாதிப் பேச்சைப் பேசுகிறவர்கள் மீதியை மாவுமில்லில் முடித்தார்கள்.

நம்ம தணிகாசலத்துக்குத்தான் இது தொண்டையில் முள்ளாகப் போனது. ஐம்பதைத் தாண்டிய ஆள். தேக்கு மாதிரி உடம்பு என்று அவரே சொல்லிக்கொள்வார். பலாக்கட்டை என்று அவர் மனைவி மோகனா திருத்துவாள். வெயிலுக்குப் பயந்தவன் மர வியாபாரத்துக்கு வரக் கூடாது என்பது அவர் கொள்கை. குடை பிடிப்பது பொம்பளை வேலை, தொப்பி போடுவது துரைமார் வேலை, தண்ணீர் குடிப்பது சீக்காளி வேலை. தினமும் மோகனா சீரகத் தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்புவாள். அவர் அதைக் கொண்டுபோய் லாரி ரேடியேட்டரில் ஊற்றிவிடுவார். "அதுக்குத்தாண்டி சூடு ஏறும், எனக்கா ஏறும்?" என்பார். உலகத்திலேயே சீரகத் தண்ணீர் குடித்து ஓடிய லாரி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நிழல் தங்கிப்போன மறுநாளே முனிரத்தினம் வாயைக் கொடுத்தார். அவருக்கு டீயைவிட வாய்தான் நன்றாக ஆற்ற வரும்.

"வாய்யா ஏலக்காரரே! உன் மரத்து நெழலுதானே, வந்து உரிமையா ஒக்காரு. வாடகை கீடகை கேக்கமாட்டோம்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள், மோர்ப்பானைக்காரர்கள் இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தார்கள், அதுதான் தணிகாசலத்துக்குத் தாங்கவில்லை. மீசையைத் துண்டால் துடைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்:

"இந்த நெழலுக்குள்ள என் காலு பட்டுச்சின்னா, நான் எங்கப்பனுக்குப் பொறக்கலேன்னு வெச்சிக்கோ!"

சொன்னாரா, அன்றையிலிருந்து கூட்டுரோட்டைக் கடக்க வேண்டுமானால் நிழலைச் சுற்றிக்கொண்டு, உச்சி வெயிலில், கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டையோடு, கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றித்தான் போனார். நிழலின் அருமையைப் பற்றி எல்லாரும் சொல்லுகிற அந்தப் பழமொழியை அவருக்கு எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். எருமை மேல் மழை பெய்த கதைதான்.

இதற்கு நடுவில் ரோடு வேலை பார்க்கிற இளவயசு உதவி இன்ஜினியர், ஏ.இ. ஜெயசிம்மன் வந்து நின்றார். ஜனமெல்லாம் நடுரோட்டில் உட்கார்ந்திருப்பதால் வேலை ஓடவில்லை, ரோலர் ஓட்டுகிறவனை உள்ளே அனுப்பினால் அவன் ரோலர் மேலேயே தூங்கிவிடுகிறான் என்பது அவர் முறையீடு.

"மரத்த முழுசா அப்புறப்படுத்தணும்னுதான் நிபந்தனை. நிழல் மரத்தோடதா இல்லையா?" என்று கேட்டார்.

"மரத்தோடதுதான் சார்," என்றார் தணிகாசலம். பொய் சொல்ல முடியவில்லை.

"அப்ப எடுத்துட்டுப் போங்க."

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டினார். அடிமரத்தைத் தோண்டி வேரை உருவினார், நிழல் பள்ளத்துக்குள் இறங்கிச் சுகமாகப் படுத்துக்கொண்டது. சுண்ணாம்பு அடித்தார், வெள்ளையில் நிழல் இன்னும் லட்சணமாகத் தெரிந்தது. திருவிழா லைட்டுக்காரனைக் கூட்டிவந்து பட்டப்பகலில் ஃபோகஸ் அடிக்கச் சொன்னார், பல்பு வெடித்தது. மாந்திரீகர் ஒருத்தர் வந்தார், நிழலின் நடுவில் சம்மணம் போட்டு மந்திரம் ஆரம்பித்தார், இரண்டாவது வரியில் குறட்டை விட்டார். கடைசியாகத் தணிகாசலத்துக்கு ஒரு யோசனை வந்தது: நிழல் விழுகிற பழைய தாரையே பாளம் பாளமாகப் பெயர்த்து லாரியில் ஏற்றிவிட்டால் நிழலும் அதோடு போய்த்தானே தீர வேண்டும்?

காலையில் ஆரம்பித்த வேலை உச்சிக்கு வந்துவிட்டது. கடப்பாரை போடுகிற ஆட்கள் எல்லாரும் நிழலுக்குள்ளே. அவர்களை ஏவுகிற முதலாளி மட்டும் வெளியே, அனல் பறக்கிற தாரில். உள்ளே இருந்தவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு, மணிக்கொரு தரம் மோர் குடித்துக்கொண்டு, துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். வெளியே நின்றவர் காலையில் குடித்த டீயோடு நின்றார். அன்றைக்கென்று காற்றும் இல்லை. சொசைட்டி நாய், குழாயடிச் சேற்றில் கழுத்துவரை இறங்கி உட்கார்ந்திருந்தது. அதற்கு இருந்த புத்தி இந்த மனுஷனுக்கு இல்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

முதலில் கெண்டைக்காலைச் சுண்டி இழுத்தது. அதட்டி உதறினார். அப்புறம் மண்டைக்குள் ரம்பம் ஓடுகிற மாதிரி வலித்தது. பித்தம் என்று நினைத்தார். வாந்தி வருகிற மாதிரி இருந்தது, விழுங்கிக்கொண்டார். காலையிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்த வேர்வை திடீரென்று நின்றுபோனது. சட்டை காய்ந்து மொடமொடத்தது. தணிகாசலத்துக்கு ஒரே பெருமை.

"பாத்தியா முனிரத்தினம்! ஒரு பொட்டு வேர்வ இருக்குதா? வெயிலு என்கிட்ட தோத்துப்போச்சுய்யா!"

முனிரத்தினம் டீ ஆற்றுவதை நிறுத்தினார். தணிகாசலத்தின் முகம் செங்கல் மாதிரி சிவந்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஏ.இ. பைக்கில் வந்து இறங்க, தணிகாசலம் அவரைப் பார்த்து, "வா மச்சான், பொண்ணு வீட்டுக்காரங்க வந்துட்டாங்களா?" என்றார். பிறகு வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ஏலம் விட ஆரம்பித்தார்.

"சூரியன்! நல்ல முத்தின சூரியன்! ஒரு தரம்! ரெண்டு தரம்!"

பெஞ்சு சிரித்தது. மூன்றாம் தரம் சொல்லாமல் மனுஷன் அப்படியே மடங்கி விழுந்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

விழுந்தது எங்கே என்று கேளுங்கள். நிழலின் மேற்கு ஓரத்துக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி, தாரின் மேல். ஊரே எழுந்து ஓடியது, ஓடிப்போய் நிழலின் ஓரத்தில் பிரேக் போட்ட மாதிரி நின்றது. ஒருத்தர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், வலிப்புக்குத்தான் சாவி என்று யாரோ அதட்ட, "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். ஒருத்தர் கோலிசோடாவை உடைத்து வாயில் ஊற்ற வந்தார். ஒருத்தர் வெங்காயம் தேடிப் போனார். மீதிப்பேர் வட்டம் கட்டி நின்று, இருந்த கொஞ்ச நஞ்சக் காற்றையும் மறித்தார்கள்.

"நெழலுக்குள்ள இழுங்கய்யா!" என்றார் முனிரத்தினம்.

அங்கேதான் சிக்கல். அது சபதத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஊர் இல்லை. அப்பன் பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ணின ஆளை நாமே இழுத்து நிழலில் போட்டால், செத்துப்போன அவங்கப்பாவுக்கு நாம் என்ன பதில் சொல்கிறது? காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உடம்பை மட்டும் உள்ளே வைத்தால் ஆகாதா என்றார் ஒருத்தர். சபதத்தில் கால் மட்டும்தானா, முழு ஆளுமா என்று கேட்டார் இன்னொருத்தர். சாப்பாட்டுக் கூடையோடு வந்த மோகனா இந்தப் பஞ்சாயத்தின் நடுவில்தான் வந்து சேர்ந்தாள். கூடையைப் போட்டுவிட்டு அவர் நெற்றியில் கை வைத்தாள். தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி வெடுக்கென்று எடுத்தாள்.

"அடப்பாவிங்களா, என் புருஷன் வேகுறாரு, நீங்க சபதம் பேசுறீங்களா? அவங்கப்பன் என் மாமனாருதான்யா, அந்தாளுகிட்ட நான் பேசிக்கிறேன், தூக்குங்க!" என்று கத்திக்கொண்டே அவர் தோளில் கை கொடுத்து இழுத்தாள். பலாக்கட்டை அசையவில்லை. வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே அழுதாள்.

அப்போது நிழல் நகர்ந்தது. உச்சி கடந்தால் கிழக்கேதான் போக வேண்டும், அதுதான் முறை. ஆனால் அந்தத் தூங்குமூஞ்சி நிழல், ஆட்டையும் ஆட்டோவையும் பெஞ்சையும் வெயிலில் விட்டுவிட்டு, சூரியனைச் சட்டை பண்ணாமல் மேற்கே தவழ்ந்து வந்து, தலை, மார்பு, வயிறு, முழங்கால், கடைசியில் பாதம் என்று தணிகாசலத்தை முழுசாகப் போர்த்திக்கொண்டது. ஊர் பெருமூச்சு விட்டது. அவர் நிழலுக்குப் போகவில்லை, நிழல்தான் அவரிடம் வந்தது. சபதம் சேதாரமில்லாமல் இருந்தது. விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஆளை உலகத்தில் முதன்முதலாக அன்றுதான் பார்த்தார்கள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஷாயிராபானு ஸ்கூட்டியை எறிந்துவிட்டு ஓடி வந்ததும் அந்த நேரம்தான்.

"சோடாவக் கீழ வைங்க! மயக்கத்துல இருக்கிறவங்க வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். 108க்கு போன் பண்ணியாச்சா? இல்லையா? இத்தன பேரு நின்னு என்ன பண்ணீங்க? சட்டையக் கழட்டுங்க, தண்ணியக் கொண்டாங்க, சுத்தி நிக்காதீங்க, விசிறுங்க!"

அதட்டலுக்கு ஊர் எப்போதுமே கட்டுப்படும். முனிரத்தினம் டீத்தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து தலையிலிருந்து கால்வரை ஊற்றினார். மீன் வண்டிக்காரர் ஐஸைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். அதைத் துணியில் சுற்றிக் கழுத்திலும் கக்கத்திலும் தொடையிடுக்கிலும் வைக்கச் சொன்னாள் ஷாயிராபானு. இரண்டு கட்சிக்காரர்களும் கட்சிக்கொடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து விசிறினார்கள், இதுவரைக்கும் அந்தக் கொடிகளால் ஊருக்கு வந்த காற்று அதுதான். மோகனா சேலைத் தலைப்பை நனைத்து நனைத்துத் துடைத்துக்கொண்டே, "எழுந்திருங்க, எழுந்துட்டு அப்புறம் எவ்ளோ வேணா வீம்பு பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது, ஏற்றினார்கள், கிளம்பியது. நிழலும் கிளம்பியது. வண்டியின் கூரைமேல் ஏறிப் படுத்துக்கொண்டு, சைரனுக்கு ஏற்ற மாதிரி இலைகளை ஆட்டிக்கொண்டு, பெரியாஸ்பத்திரி வரைக்கும் போயிற்று. கூட்டுரோட்டில் வெட்டவெளியில் நின்ற ஜனம் அதைக் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் தணிகாசலம் கண்ணைத் திறந்தபோது சுவர் முழுக்க இலை நிழல் ஆடிக்கொண்டிருந்தது. வார்டு ஜில்லென்று இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் அவருக்கு ஆரஞ்சுப்பழம் உரித்து வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூளையும் சிறுநீரகமும் கெட்டிருக்கும் என்றார் டாக்டர். வேர்வை நின்றது வெற்றி இல்லை, உடம்பு கைவிட்டதற்கு அடையாளம் என்றார். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள், உச்சி வெயிலில் வேலை வைக்காதீர்கள் என்றார். சரியான பிறகும், எதற்கும் இன்னும் ஒருநாள் இருந்துவிட்டுப் போங்கள் என்றார். அந்த ஒருநாள் எதற்காக என்று வார்டுக்கே தெரியும்.

எல்லாரும் கண்ணயர்ந்த மத்தியானத்தில் தணிகாசலம் சுவர்ப்பக்கம் திரும்பி, "வெட்டினவன்யா நானு. எனக்கெதுக்கு வந்தே?" என்று கேட்டார். நிழல் என்றைக்குப் பேசியிருக்கிறது? இலை அசைந்தது, அவ்வளவுதான். மனுஷனுக்கு அழுகை வந்துவிட்டது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்தார். நிழலும் வந்து அவர் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் உட்கார்ந்தது. அழுததெல்லாம் ஆஸ்பத்திரியோடு சரி. வீட்டுக்குள் வந்ததும் பழைய தணிகாசலம் எட்டிப் பார்த்தார். கட்டிலில் சாய்ந்துகொண்டு மோகனா கொடுத்த சீரகத் தண்ணீரை அவரே குடித்தார், லாரிக்குக் கொடுக்கவில்லை, அதுவரைக்கும் திருந்தியிருந்தார். ஆனால் ஊர் வாசலுக்கு வந்துவிட்டது. ஆடு வந்தது, ஆட்டோ வந்தது, பானை வந்தது. பஸ் டிரைவர் ஒருநாள் பஸ்ஸையே சந்துக்குள் விட்டு, திருப்ப முடியாமல், அடுத்த தெருவரை ரிவர்ஸிலேயே போனார்.

"கூட்டுரோட்டுக்கு வந்து ஒக்காரு தணிகாசலம், ஊரு கும்புட்டுக் கேக்குது," என்றார்கள்.

"மரத்த வெட்டினவன் மரமாட்டம் நிக்குறான்னு சிரிக்கவா? நானா கூப்ட்டேன் அத? வேணும்னா கூட்டிக்கினு போங்க," என்று கதவைச் சாத்தினார்.

முனிரத்தினம் மட்டும் கடையை நகர்த்தவில்லை. பஸ் அங்கேதானே நிற்கும், இறங்குகிறவனுக்கு வாய் நனைக்க வேண்டாமா என்று, மேலே வெயிலும் கீழே பாய்லருமாக அங்கேயே நின்றார். ஒருநாள் உச்சியில் மோகனா மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்தாள்.

"முனிரத்தினம் அண்ணன் பாய்லர் பக்கத்துலயே சாஞ்சிட்டாரு. வாந்தி எடுக்குறாரு. நெழல் இல்லாம எங்க படுக்க வெக்கிறதுன்னு தெரியாம நிக்குறாங்க."

தணிகாசலம் ஒரு கணம் கட்டிலைப் பார்த்தார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அது அவருக்குத் தெரியும். சிரிப்பார்கள், சாகிறவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் தன் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது அந்த ஆள் கைதான் என்று மோகனா சொல்லியிருந்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து ஓடினார். அவர் ஓட, அவர் தலைக்கு மேலே சர சரவென்று நிழல் ஓட, சந்து, குழாயடி, சொசைட்டி எல்லாம் தாண்டி, வழியெல்லாம் வெயிலில் வதங்கியவர்கள் ஒரு நொடி குளிர்ந்து பின்னாலேயே ஓடிவர, தொந்தி குலுங்கக் குலுங்கக் கூட்டுரோட்டுக்கு வந்து முனிரத்தினத்தின் தலைமாட்டில் நின்றார். நிழல் தொப்பென்று இறங்கியது.

முனிரத்தினத்துக்கு நினைவு இருந்தது, வேர்வை ஆறாக ஓடியது. அதனால் இந்த முறை ஷாயிராபானு குடிக்கக் கொடுக்கலாம் என்றாள். உப்பும் சர்க்கரையும் கரைத்த எலுமிச்சைத் தண்ணீரை மடக்கு மடக்காகத் தணிகாசலமே புகட்டினார். பாதி டம்ளரில் முனிரத்தினம் கண்ணைத் திறந்து, மேலே பார்த்து, எதிரே பார்த்து, ஈனக்குரலில் கேட்டார்.

"ஏன்யா... காலு பட்டுடுச்சே, உங்கப்பன் பேரு?"

"எங்கப்பனே பொழைச்சு வந்தாலும் வெயிலுல நிக்க வெக்கமாட்டேன், மூடிக்கினு குடி," என்றார் தணிகாசலம். பெஞ்சு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர்தான். கத்திரி முடிகிறவரைக்கும் பதினொரு மணிக்கு டவுன் பஸ் வருவதற்குள் வந்துவிட வேண்டும், வெயில் தாழ்ந்துதான் போக வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. தாமதமானால் வீட்டுக்கு ஆள் வந்தது. ஒன்றுக்குப் போக எழுந்தால் பெஞ்சு, பானை, ஆடு, பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம் எல்லாம் கூடவே எழுந்து மாவுமில் பின்புறம் வரைக்கும் வந்து, மரியாதையாகத் திரும்பி நின்றன. ஏ.இ. ஜெயசிம்மன் வந்து பார்த்துவிட்டு, மரத்தை எடுக்கலாம், மனுஷனை எந்த விதியில் எடுக்கிறது என்று யோசித்து, யோசித்தபடியே நிழலில் உட்கார்ந்து தூங்கிவிட்டுப் போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடும், கையில் மஞ்சள் நூலும் குங்குமமும் தேங்காயுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மரம் நின்ற இடத்தைப் பார்த்தாள், நிழலைப் பார்த்தாள், நிழலின் நடுவில் மோர் குடித்துக்கொண்டிருந்த தணிகாசலத்தைப் பார்த்தாள். நேரே அவர் முன்னால் வந்து தேங்காயை வைத்தாள்.

"போன வருஷம் இந்த மரத்துக்கு வேண்டிக்கினேன்ணா. கொழந்த பொறந்துடுச்சு. நூல் சுத்துறேன்னு சொல்லியிருக்கேன்."

"அம்மா, நான் மனுஷன்மா," என்றார் தணிகாசலம்.

"இருக்கட்டும்ணா. நெழலு அதுதானே?" என்றவள் குழந்தையை முனிரத்தினம் மடியில் விட்டுவிட்டு, தணிகாசலத்தின் நெற்றியில் குங்குமத்தை வைத்து, நூலைப் பிரித்தாள். "கொஞ்சம் எழுந்து நேரா நில்லுங்க."

பெஞ்சில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. குழந்தை இலை நிழலைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. தணிகாசலம் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, நூல் சுற்ற வசதியாக இரண்டு கைகளையும் மேலே தூக்கி அகல விரித்தார்.